காணாத சாட்சி

முப்பது ஆண்டுகளாக நாம் மாணாக்கர்க்கு ஓதிக் கொடுத்து வரும் பாடங்களுள் ஒன்று சாட்சியத்தைப் பற்றியது. ஃபிக்ஹு நூல்களில் அதற்கெனத் தனிப் பகுதியே உண்டு. கண்ணால் கண்டதைக் கண்டதாகவும், காதால் கேட்டதைக் கேட்டதாகவும் சொல்லவேண்டுமேயன்றி, ஊகித்ததைக் கண்டதாகச் சொல்லலாகாது என்பது அதன் சாரம். ஓதிக் கொடுப்பதற்கு எளிய பாடம். மாணாக்கரும் எளிதில் ஒப்புவித்து விடுவார்கள். அந்தப் பாடமே ஒருநாள் எழுந்து வந்து நம்மைத் தேர்வு செய்யும் என்று நாம் எண்ணியதில்லை. செய்தது, 2024 ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில், திருவாரூர்க் கடைத்தெருவில், ஒரு காரின் பின்கதவு நசுங்கிய வேளையில்.

நம் வீட்டாருக்குக் கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. மருத்துவரிடம் காட்டிவிட்டு, லுஹருக்குப் பின் கூத்தாநல்லூருக்குத் திரும்பிக் கொண்டிருந்தோம். வண்டி நம் மகனுடையது; அவனே ஓட்டினான். வீட்டார் பின்னிருக்கையில் இடப்பக்கமாக அமர்ந்திருந்தார்கள். நாம் முன்னால், மகனுக்குப் பக்கத்தில், மத்ரஸா ஆண்டு மலரின் புரூஃப் தாள்களை மடியில் விரித்து எழுத்துப் பிழைகளைத் தேடிக் கொண்டிருந்தோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. கடைத்தெருவில் வண்டிகள் நிற்பதும் நகர்வதுமாக இருந்தன. இடப்புறம் கடைகளைப் பார்த்தவாறு கார்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தன.

‘டமார்’ என்றொரு ஓசை. வண்டி ஒருமுறை குலுங்கியது. வீட்டார் “யா அல்லாஹ்!” என்று அலறினார்கள். திரும்பிப் பார்த்தால், கடையோரம் நின்ற கார்களுள் ஒன்று பின்னோக்கி வந்து, அவர்கள் அமர்ந்திருந்த பக்கத்துக் கதவின்மீது மோதி நின்றிருந்தது.

முதலில் வீட்டாரைப் பார்த்தோம். இறைவன் அருளால் காயமில்லை, நடுக்கம் மட்டுமே. அதன் பிறகே கதவைப் பார்த்தோம். நடுவில், ஒரு வட்டில் அளவுக்குக் குழி. அந்தக் காரின் பின்முனையில் சிவப்பு விளக்கு உடைந்து, சில்லுகள் ஈரத்தரையில் சிதறிக் கிடந்தன.

அந்தக் காரிலிருந்து இருபத்தைந்து வயதிருக்கும் இளைஞன் ஒருவன் இறங்கினான். நம் மகன் வாய் திறக்குமுன் அவனே தொடங்கினான். “கண் தெரியவில்லையா? நான் நின்றுகொண்டிருக்கிறேன், நீங்கள் உரசிக்கொண்டு போகிறீர்கள்!”

நம் மகனுக்குச் சினம் பொங்கியது. “நின்றது நாங்கள். முன்னால் லோடு ஆட்டோ சரக்கு இறக்கிக் கொண்டிருந்தது. நீதான் பார்க்காமல் பின்னால் எடுத்தாய்” என்றான். இல்லை என்றான் அவன். கூட்டம் கூடிற்று. பார்த்தவர் யாரேனும் உண்டா என்றால், ஓசை கேட்டுத் திரும்பியவர்களே எல்லாரும். எதிர்க்கடையில் காமிரா இருந்தது. அது கல்லாப்பெட்டியைத்தான் காவல் காத்துக் கொண்டிருந்தது.

அப்போது கூட்டத்தில் ஒருவர் நம்மை அடையாளம் கண்டுகொண்டார். பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதியவர். அதே தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர். “எங்கள் ஹஜ்ரத் இருக்கும்போது வேறு சாட்சி எதற்கு? அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஹஜ்ரத், நீங்கள் சொல்லுங்கள். நம் வண்டி நின்றுகொண்டுதானே இருந்தது?” என்றார்.

அந்த இளைஞனும் நம்மை ஏற இறங்கப் பார்த்தான். என்ன நினைத்தானோ, “சரி, பெரியவர் சொல்லட்டும். அவர் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்” என்றான்.

எல்லாருடைய பார்வையும் நம்மீது குவிந்தது. நம் மகனின் பார்வையும்தான். அவன் பொய் சொல்பவன் அல்லன் என்பதை நாம் அறிவோம். அவன் நின்றேன் என்றால் நின்றிருப்பான். ‘ஆம், நின்றுகொண்டிருந்தது’ என்னும் சொற்கள் நம் நாவின் நுனிவரை வந்துவிட்டன. அவை உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால் அந்த உண்மையை நாம் காணவில்லையே! நம் கண்கள் புரூஃப் தாளில் இருந்தன. வண்டி நின்றதா, ஊர்ந்ததா என்பதை நம் உடல்கூட உணரவில்லை. நம் மகன்மீது நாம் வைத்த நம்பிக்கை வேறு. நம் கண் கண்ட காட்சி வேறு. முன்னதைப் பின்னதாக மாற்றிச் சொல்வதற்குப் பெயர் என்ன என்பதை முப்பது ஆண்டுகளாக நாமே பிறருக்குச் சொல்லி வந்திருக்கிறோம்.

“நான் பார்க்கவில்லை” என்றோம்.

துணிக்கடைக்காரரின் முகம் சுருங்கிற்று. இளைஞன் குரலை உயர்த்தினான். “கேட்டீர்களா? அவர்கள் அத்தாவே சொல்லிவிட்டார்!” நம் மகன் எதுவும் சொல்லவில்லை. அவன் நம்மைப் பார்த்த பார்வை இன்னும் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

நாம் மேலும் சொன்னோம்: “மோதியதை நான் பார்க்கவில்லை. மோதிய இடத்தை இப்போது பார்க்கிறேன். நீங்களும் வந்து பாருங்கள்.”

இதை விளங்கிக்கொள்ள யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நினைவுகூர வேண்டும். அங்கும் ஒரு குற்றச்சாட்டு. அங்கும் கண்ட சாட்சி இல்லை. சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் ஒருவர் சொல் மெய், பின்புறம் கிழிந்திருந்தால் மற்றவர் சொல் மெய் என்று அவ்வீட்டாருள் ஒருவர் வழி சொன்னார். சட்டை பின்புறம் கிழிந்திருந்தது. வழக்குத் தீர்ந்தது. இவ்வாறு பொருள்களே பேசும் சான்றை அறபியில் ‘கரீனா’ என்பார்கள். மனிதன் தான் காணாததைக் கண்டதாகச் சொல்லக்கூடும். கிழிந்த சட்டை அவ்வாறு சொல்லாது.

நம் வண்டியின் சட்டையும் கிழிந்துதான் இருந்தது. நாம் சென்று அவன்மேல் மோதியிருந்தால் நம் முன்பகுதி அடிபட்டிருக்கும். முன்விளக்கும் முன்பம்பரும் பழுதின்றி இருந்தன. அவன் நிற்க, நாம் உரசிக்கொண்டு சென்றிருந்தால், முன்கதவு தொடங்கிப் பின்னோக்கி நீண்ட கீறல் விழுந்திருக்கும். அப்படியொரு கீறலே இல்லை. பின்கதவில் மட்டும், உள்நோக்கி அமுங்கிய ஒரே குழி. நம் வண்டியின் முன்பாதி அவனைக் கடந்து முடிந்தபிறகு, பக்கவாட்டிலிருந்து வந்து ஏதோ ஒன்று முட்டியிருந்தாலன்றி அப்படி விழாது. உடைந்த விளக்கின் சில்லுகள் கிடந்ததும் அவன் வண்டி நின்றிருந்த இடத்திலன்று, தெருவின் உள்ளே.

கூட்டத்தில் இருந்த மெக்கானிக் ஒருவர் குனிந்து பார்த்து, “பெரியவர் சொல்வது சரி. இது உரசல் இல்லை, முட்டல்” என்றார். இளைஞன் வாதத்தை நிறுத்தினான். ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை. ஒதுங்கிப் போய்த் தொலைபேசியில் யாரிடமோ பேசினான். திரும்பி வந்து, “எங்கள் முதலாளி எதற்கும் சம்மதிக்கக்கூடாது என்கிறார், வேண்டுமானால் போலீசுக்குப் போங்கள்” என்றான்.

இதற்குள் நம் மகன் சினத்தை அடக்கிக்கொண்டு, செய்ய வேண்டியவற்றைச் செய்திருந்தான். இதை வாசிக்கும் குடும்பங்களில் இன்று வண்டி இல்லாத வீடு குறைவு என்பதால் அவற்றை இங்கே வரிசைப்படுத்துகிறோம். வண்டிகளை நகர்த்துமுன் இரண்டும் நின்ற நிலையைத் தொலைபேசியில் படம் எடுத்தான். தூரத்திலிருந்து தெருவோடு சேர்த்து ஒன்று, அருகில் குழியை மட்டும் ஒன்று, சில்லுகளை ஒன்று, இரு வண்டிகளின் எண் பலகைகளை ஒன்று. மெக்கானிக்கின் பெயரையும் எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டான். அதன் பிறகே போக்குவரத்துக்கு வழிவிட்டு ஓரங்கட்டினான். எதிராளியின் சாவியைப் பிடுங்கவில்லை; கைநீட்டவில்லை. அவ்விரண்டில் எதைச் செய்திருந்தாலும், நியாயம் நம் பக்கமிருந்து அவன் பக்கம் போயிருக்கும்.

சட்டத்தையும் சிறிது அறிந்திருத்தல் நலம். 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 134 ஆம் பிரிவில், விபத்தால் ஒருவருக்குக் காயமோ, பிறர் உடைமைக்குச் சேதமோ ஏற்பட்டால் ஓட்டுநர் செய்யவேண்டிய கடமைகளைச் சொல்கிறது. காயம்பட்டவர்க்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்தல் முதற்கடமை. காவலர் எவரும் அவ்விடத்தில் இல்லையெனில் இயன்ற விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் நடந்ததைத் தெரிவித்தல் அடுத்தது. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்தல் மூன்றாவது. ‘சிறிய மோதல்தானே’ என்று இவற்றை விட்டுவிட்டு, மறுநாள் எதிராளி நம்மீதே புகார் கொடுத்தபின் விழிப்பவர்கள் உண்டு.

எனவே காவல் நிலையம் சென்றோம். தலைமைக் காவலர் வேறொரு வேலையில் இருந்தமையால் வெளித் திண்ணையில் காத்திருந்தோம். நம் மகன் சற்றுத் தள்ளி, நம் முகம் பாராமல் நின்றான். எதிர்க்கடையில் தேநீர் வாங்கி, அந்த இளைஞனுக்கும் ஒரு குவளை கொடுத்தோம். முதலில் வேண்டாமென்றான், பிறகு வாங்கிக்கொண்டான். பாதி குடித்தபின், தரையைப் பார்த்தவாறு பேசினான். அவன் மாதச் சம்பளத்துக்கு ஓட்டுபவன். இரண்டு மாதங்களுக்கு முன் விழுந்த ஒரு கீறலுக்கே சம்பளத்தில் 2,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்களாம். இதை ஒத்துக்கொண்டால் வேலையே போய்விடும் என்றான். குரல் தழுதழுத்தது.

பிழையை மறுப்பவர் எல்லாரும் நெஞ்சறிந்த கயவர் என்று அதுவரை எண்ணியிருந்தோம். அச்சமும் மனிதனைப் பொய்யனாக்கும் என்பதை அன்று கண்டோம். இரக்கம் மேலிட, “தம்பி, உன்னிடம் பணம் கேட்கவில்லை. என் மகன் வந்து மோதினான் என்று மட்டும் எழுதிக் கொடுக்காதே. நீ கண்டதை மட்டும் சொல்” என்றோம். இச்சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். இதைப் பற்றிப் பின்னர் நாம் கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

தலைமைக் காவலர் அழைத்தார். நம் மகன் படங்களைக் காட்டினான். “நீ என்னப்பா சொல்கிறாய்?” என்று அவர் இளைஞனைக் கேட்டார். அவன் ஒருமுறை நம்மைப் பார்த்தான். பின், “நான் பின்னால் பார்க்கவில்லை, ஐயா” என்றான். கடைத்தெருவில் நாம் சொன்னதும் ஏறத்தாழ இதே சொற்கள்தாம். தலைமைக் காவலர் சிரித்து, “பார்க்காமல் பின்னால் எடுத்தால் அதற்குப் பெயர்தான் தப்பு” என்று சொல்லி, புகாரை எழுதி வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார். அஸ்ருக்கு வீடு திரும்பினோம்.

*

மறுநாள் பாடம் நடத்துகையில் ‘ஹிதாயா’வைப் புரட்டினோம். 1197 இல் மறைந்த இமாம் மர்கீனானி எழுதிய நூல் அது. கார் இல்லாத காலம். ஆயினும் மோதல் இருந்த காலம். இரு குதிரை வீரர்கள் மோதிக்கொண்டால் என்ன தீர்ப்பு என்பதும் அதில் உண்டு. பிராணியின்மேல் செல்பவன், அதன் முன்னங்கால் மிதித்ததற்கும் தலை முட்டியதற்கும் பொறுப்பாவான். ஓடும்போது அது பின்னங்காலால் உதைத்ததற்கும் வாலால் அடித்ததற்கும் பொறுப்பாகான் என்று ஹனஃபி அறிஞர்கள் வகுத்தார்கள். காரணம், எதிலிருந்து காத்துக்கொள்ள இயலுமோ அதற்குத்தான் பொறுப்பு; செல்லும் பிராணியின் பின்னங்காலைத் தடுப்பது ஏறியிருப்பவனால் இயலாது. ஆனால் நடுவழியில் அதை நிறுத்தி வைத்தானாயின், அந்த உதைக்கும் அவனே பொறுப்பு. நிறுத்தாமல் இருப்பது அவன் கையில் இருந்ததன்றோ!

மாணாக்கருள் ஒருவர், “காருக்குப் பின்னங்கால் உண்டா, ஹஜ்ரத்?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நல்ல கேள்விதான். காருக்குப் பின்புறம் உண்டு. ஆனால் அதைக் காட்டக் கண்ணாடிகளும் மூன்று உண்டு. காத்துக்கொள்ள இயலும் என்றாகிவிட்டபின் பொறுப்பும் வந்துவிடுகிறது.

ஏறத்தாழ அதே நூற்றாண்டில்தான் சேக்கிழார், திருவாரூர்த் தெருவில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு வாகன விபத்தைப் பாடினார். மனுநீதிச் சோழன் மகனின் தேர்க்காலில் கன்று அகப்பட்ட கதையை அறியாத தமிழர் இல்லை. நாம் எல்லாரும் அதில் மன்னனின் நீதியையே போற்றுகிறோம். தேரைச் செலுத்திய இளவரசன் ‘கன்றுதான் குறுக்கே வந்தது’ என்று வாதாடவில்லை என்பதை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. தன் பிழைக்குக் கழுவாய் தேடியே அவன் புறப்பட்டான். அந்த மண்ணில் நின்றுகொண்டுதான் நாம் ‘நானில்லை, நீ’ என்று வாதாடிக் கொண்டிருந்தோம்.

*

இனி நாம் கொடுக்கவேண்டிய கணக்கு.

பட்டறையில் கதவை நிமிர்த்தி வண்ணம் பூச 7,200 ரூபாய் ஆகும் என்றார்கள். எதிராளியின் முதலாளி கைவிரித்துவிட்டார். பிறர் உடைமைக்கு நேர்ந்த சேதத்துக்கும் இழப்பீடு கோர மோட்டார் விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. ஆனால் 7,200 ரூபாய்க்காக யார் நடையாய் நடப்பார்?

நம் இன்ஷூரன்சிலேயே வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்டோம். நம் மகன் தாளை எடுத்து எழுதிக் காட்டினான். அவன் வண்டி 1,500 சி.சி.க்கு உட்பட்டது, ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் 1,000 ரூபாய் நம்முடையது. தேய்மானக் கழிவு வேறு. மூன்று ஆண்டுகள் கோரிக்கை ஏதுமின்றி ஓட்டியமையால், வண்டியின் சொந்தச் சேதக் கட்டணத்தில் 35 விழுக்காடு தள்ளுபடி பெற்று வந்தான். கோராமல் விட்டால் அது 45, 50, 50 என்று தொடரும். கோரினால் சுழியில் விழுந்து, 0, 20, 25 என்று மறுபடி ஏறும். மூன்றாண்டு வேற்றுமை 45, 30, 25, கூட்டினால் 100. அதாவது, கட்டணம் மாறாதிருந்தால், ஓராண்டின் முழுக் கட்டணமே போய்விடும். அவனுக்கு அது 6,000 ரூபாய். ஒரு கையால் வாங்குவதை மறுகையால் கொடுப்பதே ஆகும். சிறு சேதங்களுக்குக் கோருமுன் எல்லாரும் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று.

தாளை மடித்து வைத்துவிட்டு அவன் கேட்டான். “நீங்கள் பார்க்கவில்லை என்று சொன்னீர்கள். அது சரி, அத்தா. சொல்லாமல் இருக்க உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும். அந்தப் பையனிடம் பணம் வேண்டாம் என்று சொன்னீர்களாமே. அது யாருடைய பணம்?”

நாம் வாயடைத்துப் போனோம்.

தனக்குரிய ஹக்கை ஒருவர் மன்னிக்கலாம். பிறருக்குரிய ஹக்கை மன்னிக்க அவருக்கு உரிமையில்லை. இதுவும் நாம் ஓதிக் கொடுக்கும் பாடமே. கதவு அவனுடையது, இழப்பு அவனுடையது. அவனைக் கேளாமல், அவன் பொருளைக் கொண்டு நாம் தயாளராகிவிட்டோம். சாட்சியத்தில் தவறாமல் நின்றோம் என்னும் நிறைவில், அரைமணி நேரத்துக்குள் வேறொரு பாடத்தில் தவறினோம்.

நமக்கும் உடனே மறுமொழி தோன்றத்தான் செய்தது. ‘எப்படியும் அவர்கள் கொடுத்திருக்கப் போவதில்லை’ என்று சொல்லலாம். ‘ஏழைப் பையன், பாவம்’ என்று சொல்லலாம். ‘பெற்றவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?’ என்றும் கேட்கலாம். பிழை செய்தவன் வாயில் முதலில் வருவது மறுப்பே என்பதை அன்று நம் வாயிலேயே கண்டோம். கடைத்தெருவில் அந்த இளைஞனுக்கு வந்ததும் இதுவே. அவனுக்காவது வேலை போய்விடும் என்னும் அச்சம் இருந்தது. நமக்கு இருந்ததோ, மகன் முன்னால் தாழ்ந்து போவோமே என்னும் கூச்சம் மட்டுமே.

“தப்பு என்னுடையது, தம்பி. உன்னைக் கேட்டிருக்க வேண்டும்” என்றோம். பேழையைத் திறந்து 7,200 ரூபாயை எடுத்து அவன் கையில் வைத்தோம். வாங்கமாட்டான் என்று எதிர்பார்த்தோம். வாங்கிக்கொண்டான். அது சரியே என்று வீட்டாரும் சொன்னார்கள். அன்றிரவு அவன் நமக்கு அருகில் அமர்ந்து உணவருந்தினான். நான்கு நாள்களுக்குப் பிறகு.

கதவு நேராயிற்று. அடுத்த வாரம், வண்டியின் முன்கண்ணாடியில் கட்டைவிரல் அளவுள்ள ஒரு காமிராவைப் பொருத்தினான். எதற்கு என்று கேட்டோம். “இனிமேல் உங்களைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை, அத்தா. நீங்கள் நிம்மதியாகப் புரூஃப் பாருங்கள்” என்று சொல்லிச் சிரித்தான். நாமும் சிரித்தோம்.

அந்தக் காமிரா முன்னால் நடப்பதை மட்டுமே காணும். நம் கதவில் குழி விழுந்ததோ பக்கவாட்டில். அதை நாம் அவனிடம் சொல்லவில்லை. கேட்டால் சொல்வோம்.